இடது கை மட்டும்

பதின்மூன்று வருடமாக அவள் ஒரே வேலையைத்தான் செய்து வந்தாள். ஆண்கள் சட்டைக்கு இடது கை வைப்பது. வலது கை வைப்பது அடுத்த மிஷின்காரியின் பொறுப்பு. காலருக்கு ஒருத்தி, பாக்கெட்டுக்கு ஒருத்தி, ஓரம் மடிக்க ஒருத்தி என்று ஆளுக்கொரு வேலை. முப்பத்திரண்டு பேர் கைமாறிப் போய் வரிசையின் கடைசியில் சட்டை முழுசாக விழும். அங்கே போய் நின்று அதைப் பார்க்க இவளுக்கு நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. தொழிற்சாலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இடதுகை’ என்றால் அவள், ‘வலதுகை’ என்றால் பக்கத்து மிஷின்காரி. வாசலில் புதிதாக வேலைக்கு வந்த காவலாளி, இந்த அம்மா எப்போது இடது கையால் கையெழுத்துப் போடும் என்று பாவம், ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ப்பூ, இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். சட்டைக்குக் கை வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கையின் மேல் வளைவு ஒரு நீளம், அது போய்ச் சேர வேண்டிய தோள் வளைவு இன்னொரு நீளம். இரண்டையும் சண்டை வராமல் சேர்த்து, சுருக்கம் தெரியாமல் ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டும். அவள் இருபத்திரண்டு விநாடியில் முடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு தைத்தாலும் பிசகாது. ஆனால் அதோடு சரி. துணியை விரித்து வெட்டியதில்லை, கழுத்து வைத்ததில்லை, ஜிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வெட்டிய துண்டுகள் ஐம்பது ஐம்பதாகக் கட்டி ஒரு பக்கம் வந்து இறங்கும், தைத்தது மறுபக்கம் போகும்.

வெளியில் அவள் பெயர் டெய்லர். தெருவில் அப்படித்தான், உறவிலும் அப்படித்தான். அளவுத் துணியோடு யாராவது வந்து நின்றால் நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள். நேரமில்லை என்பதும் உண்மைதான் என்பதால், தெரியாது என்ற உண்மை வெளியே வராமலே காலம் ஓடிவிட்டது. ‘கை நிறைய வேலை இருந்தா கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும்’ என்று எதிர்வீட்டுக்காரி சொன்னதாகக் கேள்விப்பட்டபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. திமிர்பிடித்த டெய்லராக இருப்பது தெரியாத டெய்லராக இருப்பதைவிட எவ்வளவோ மேல் இல்லையா.

அவளுக்கு ஒரே மகள், பதினொரு வயது. ஏழு வயதில் பெரியம்மா வீட்டுக்குப் போனவள். புருஷன் வேலை தேடி வெளியூர் போகிறேன் என்று போனவன் போனவன்தான். இவளுக்கு அப்போது மத்தியானம் தொடங்கி இரவில் முடிகிற ஷிஃப்ட். பள்ளி விட்டு வரும் குழந்தைக்குக் கதவு திறக்க ஆள் இல்லை. பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருந்த அக்கா வந்து, ஒரு வருஷம் நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்குள் நீ ஷிஃப்ட்டை மாற்றிக்கொள் என்று கூட்டிப்போனாள். அந்த ஒரு வருஷம் நாலு வருஷமாக நீண்டுவிட்டது. இந்தக் கோடை தொடங்கும்போதுதான் பகல் ஷிஃப்ட் கிடைத்தது. மறுநாளே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய் விண்ணப்பத் தாள் வாங்கி வந்துவிட்டாள். லீவு முடிவதற்குள் அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

விஷயத்தை அக்காவுக்குப் போனில் சொன்னாள். அக்கா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அவ என்ன சாமானா, அங்கேருந்து எடுத்து இங்க வைன்னு சொல்றதுக்கு? லீவு கடைசியில உன்கிட்டதானே வர்றா. இருந்து பாக்கட்டும். இருக்கணும்னு அவ வாயால சொல்லட்டும், நானே வந்து பெட்டியைக் கொடுத்துட்டுப் போறேன்.”

அதில் குற்றம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அதுதான் சங்கடம். அக்கா அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால், இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி உரிமை கொண்டாடியிருப்பாள். நியாயமாகப் பேசுகிறவளிடம் என்ன செய்வது?

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் போனில் கவுன் கேட்டாள். ஏதோ பத்திரிகையில் துணி வெட்ட அளவு வரைந்த பேட்டர்ன் தாள் இலவசமாகக் கொடுத்திருந்தார்களாம். கோடைக்குப் போடுகிற பருத்திக் கவுன், இடுப்பில் சுருக்கு, குட்டைக் கை. பெரியம்மாவிடம் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா வீட்டு மிஷினில் தலையணை உறை முதல் சட்டை வரைக்கும் தைக்கிறவள். ஆனாலும் அவள், உங்கம்மா தொழிலாகவே செய்கிறவள், அவள் இருக்க நான் கை வைப்பது சரியில்லை என்று சொல்லிவிட்டாள். தங்கைக்கு விட்டுக்கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னாள். அந்த நல்ல மனசுக்கு அவளைத் திட்டவும் முடியாது.

“நீ தைச்சுத் தர்றியாம்மா?” என்று மகள் கேட்டபோது, இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கடையில் வாங்கித் தருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். “இதெல்லாம் ஒரு வேலையா? துணியை அனுப்பு” என்று சொல்லிவிட்டாள். நாலு வருஷத்தில் மகள் அவளிடம் கேட்ட முதல் பொருள் அது.

பார்சல் வந்தது. மஞ்சள் துணி, அதில் வெள்ளைப் பூ. துண்டுத் துணி விற்கிற கடையில் மகளே தேடி எடுத்ததாம், கடைசித் துண்டாம். கூடவே நாலாக மடித்த பெரிய தாள். விரித்தால் கட்டில் முழுக்க வந்தது. நேர்க்கோடு, புள்ளிக்கோடு, அம்புக்குறி, எண் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. மூலையில் மகள் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘எனக்கு 12 வயசு அளவு சரியா இருக்கும்மா, நான் உயரமாயிட்டேன்.’ அதை மட்டும் நாலைந்து முறை படித்தாள்.

மாடி வீட்டு டீச்சரம்மா தன் பழைய மிதி மிஷினை இரவல் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பயத்தில் முதலில் பழைய செய்தித்தாளை வெட்டிப் பார்த்தாள். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு துணியில் கத்தரியை வைத்தாள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு, பாவாடைப் பகுதி இரண்டு. ‘கை: இரண்டு வெட்டவும்’ என்று தாளில் போட்டிருந்தது. இரண்டு வெட்டினாள். வெட்டி முடித்தபோது மத்தியானம். மிச்சம் இருந்தது விரல் அகல நாடாக்கள்தான்.

தொழிற்சாலை மிஷின் காலால் தொட்டால் பறக்கும். இந்த மிதி மிஷினோ முன்னே போ என்றால் பின்னே போய் நூலை அறுத்தது. தோளைச் சேர்த்தாள், பக்கத்தைச் சேர்த்தாள், கழுத்தை மடித்தாள். கழுத்து அலை அலையாக எழும்பி நின்றது. போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று கையை எடுத்தாள். இடது கை கண்ணாடி மாதிரி உட்கார்ந்தது. அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

வலது கை உட்காரவில்லை. முன்பக்கம் பிடித்து இழுத்தது, பின்பக்கம் உப்பியது. பிரித்துத் தைத்தாள். திரும்பவும் அப்படியே. மூன்றாம் முறை பிரித்தபோது துணியின் ஓரம் நார் நாராகக் கிளம்பியது. வலது கை வைத்துப் பழக்கமில்லாததால்தான் வரவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள். பதின்மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது திரும்பி அவள் எப்படி வைக்கிறாள் என்று பார்த்தாயா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். அதற்குமேல் முடியாமல் மிஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதாள். மகள் வர ஆறு நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமை கவுனைப் பையில் சுருட்டி எடுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில் வலதுகையிடம் ரகசியமாகக் காட்டினாள். இதை மட்டும் வைத்துக் கொடு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினாள். வலதுகை துணியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

“இது என் வேலை இல்லடி. ரெண்டுமே உன்னோடதுதான். ரெண்டும் இடது.”

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. இரண்டாவது கையை வெட்டும்போது தாளைப் புரட்டிப் போட்டு வெட்டியிருக்க வேண்டும். சட்டை தைக்கிற வேறு யாராக இருந்தாலும் துண்டு கையில் வந்ததும் கண்டுபிடித்திருப்பார்கள். இவள் கண்ணுக்கு இடது கையைத் தவிர வேறு கையே தெரியாது. தினமும் பார்க்கிற வடிவம் மறுபடியும் வந்தபோது, ஆகா எவ்வளவு சரியாக வெட்டியிருக்கிறோம் என்றுதான் அன்றைக்குப் பட்டது. உள்வெளி திருப்பியும் வைக்க முடியாது. பூவெல்லாம் ஒரு பக்கம்தான், மறுபக்கம் வெறும் வெளிறல்.

வெட்டுகிற பிரிவின் மாஸ்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, மிச்சத் துணி எவ்வளவு என்று கேட்டார். அவள் நாடாக்களைக் காட்டினாள். அவர் கையை விரித்தார். “ஒரே வழிதாம்மா. ரெண்டு கையையும் எடுத்துடு. வெயில் காலத்துக்குக் கை இல்லாத கவுன் நல்லாத்தான் இருக்கும்.”

அப்புறம் நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை, ஆனால் பெருமைப்படலாம். விஷயம் ஒரு மிஷினிலிருந்து அடுத்த மிஷினுக்குத் தாவி அன்று சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. சொந்த வேலைக்கு மிஷினைத் தொடக் கூடாது என்பது சட்டம். மஞ்சள் கவுன் வெள்ளைச் சட்டைக் கட்டுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு ஊர்வலம் போனது. காலர்க்காரி கழுத்தைப் பிரித்து அழகாகப் பட்டி வைத்தாள். பக்கத் தையல்காரி இரண்டு பக்கத்தையும் தோளையும் பிரித்து நேராக்கினாள். அந்த நாடாக்களை ஒட்டுப்போட்டு ஒருத்தி தோள் வளைவுக்கு ஓரம் கட்டினாள். சுருக்கு ஒருத்தி, ஜிப் ஒருத்தி, அடி மடிப்பு ஒருத்தி. சூப்பர்வைசர் ஒருநாள் கட்டுக்குள் மஞ்சளைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு விளக்கைப் பார்ப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் அவளுக்கு மனசு கேட்கவில்லை. நானும் ஏதாவது செய்கிறேன், ஒரு தையலாவது போடுகிறேன் என்று கேட்டாள். வலதுகை உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

“நீ செய்யறதுக்கு இதுல கை இல்லையேடி” என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அவளுக்குச் சுருக்கென்றது. வியாழக்கிழமை கவுன் இஸ்திரி போட்டு அவள் கைக்கு வந்தது. எந்தக் கடையிலும் தொங்கவிடலாம், அவ்வளவு சுத்தம். அவள் கழுத்தைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், புரட்டி உள்பக்கம் பார்த்தாள். அவள் போட்ட தையல் அதில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மகள் வந்து இறங்கினாள். சொன்னபடியே வளர்ந்திருந்தாள். தாயின் தோளுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்து விருந்தாளிபோல் செருப்பை ஓரமாக வரிசையாக வைத்தாள், தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டாள். கேட்டது இவளுக்கு எங்கேயோ குத்தியது. கவுனை எடுத்துக் கொடுத்ததும் அந்த விருந்தாளி ஓடிப்போனாள். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கை இல்லாமல்தான் இன்னும் நன்றாக இருக்கிறது என்றாள். ஜன்னல் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தாள். ஓரத்தைப் புரட்டிப் புரட்டி விரலால் தடவினாள்.

“நீயே தைச்சதாம்மா?”

“பின்ன யாரு?”

இந்த இடத்தில் அவளைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். எனக்கு மனசு வரவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய் முப்பத்திரண்டு பேரின் கதையைச் சொல்லுவாள்?

சாயங்காலம் முழுக்க மகள் அந்தக் கவுனைக் கழற்றவில்லை. ஞாயிறு காலையில் குளித்துவிட்டு மறுபடியும் அதையே போட்டுக்கொண்டு, தன் பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்து வந்தாள். நீலக் கட்டம் போட்ட துணி. அதே பேட்டர்னில் இன்னொரு தாளும் வைத்திருந்தாள்.

“இதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து தைக்கலாம். நான் பக்கத்துல உக்காந்து பாத்துக் கத்துக்கறேன்” என்றாள். பிறகு மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். “இங்கயே இருந்தா தினமும் கத்துக்கலாம்ல? நேத்து போன்ல பெரியம்மா என்கிட்ட கேட்டாங்க, நீ என்ன முடிவு பண்ணியிருக்கேன்னு. தையல் கத்துக்கணும்னு சொன்னேன். அது சரியான காரணம்தான்னு சொன்னாங்க.”

விண்ணப்பத் தாள் அலமாரியில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும் என்று இருந்தது. அவ்வளவு நாள் கேட்கக் காத்திருந்த வார்த்தை, கேட்காமலே வந்து நிற்கிறது. அது நிற்கிற இடமோ வெறும் பொய். ஒரு நாள் தள்ளலாம், இரண்டு நாள் தலைவலி என்று சொல்லலாம். மகள் அதற்குள் துணியைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளரை வைத்து, சாக்பீஸோடு தயாராக உட்கார்ந்துவிட்டாள். அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

மகள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். தையலுக்கு எவ்வளவு ஓரம் விட வேண்டும்? இந்த அம்புக்குறி எதற்கு? கழுத்தை முதலில் தைப்பதா, தோளை முதலில் சேர்ப்பதா? முதல் கேள்விக்கு இவள் ஏதோ சொன்னாள். இரண்டாவதற்கு, அதெல்லாம் சும்மா போட்டிருப்பான் என்றாள். மகள் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்து, இல்லம்மா, துணியோட நேர் இழை இந்தப் பக்கம் ஓடணுமாம் என்று தாளைச் சரியாகத் திருப்பி வைத்தாள். குறையாகச் சொல்லவில்லை. அம்மா சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“நான் சொன்னது சரியாம்மா?”

கத்தரி இவள் கையில் இருந்தது. இதையும் வெட்டிக் கெடுக்கலாம். கெடுத்தபிறகு சொல்லலாம். அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“எனக்குத் தெரியாதுடி கண்ணு.”

சொல்ல ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. சட்டை வரிசையைச் சொன்னாள், இருபத்திரண்டு விநாடியைச் சொன்னாள். இரண்டு இடது கை வெட்டியதைச் சொன்னாள், கழுத்து யார் வைத்தது, ஜிப் யார் வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்தக் கவுனில் என் தையல் ஒன்றுகூட இல்லை என்றும் சொல்லிவிட்டாள். மகள் நடுவில் ஒரு தடவை குனிந்து தன் கவுனைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. ஏம்மா பொய் சொன்னே என்று கேட்டிருந்தால் காலில்கூட விழுந்திருப்பாள். மகள் கேட்கவில்லை. நகர்ந்து வந்து, பெரிய மனுஷி மாதிரி தாயின் முழங்காலில் தட்டிக் கொடுத்தாள்.

“பரவாயில்லம்மா. பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான் போய் அவங்ககிட்டயே கத்துக்கறேன்.”

டம்ளர்களை எடுத்தாள், துணியை மடித்தாள், தாளை அதன்மேல் வைத்துப் பைக்குள் செருகினாள். அவள் மடிப்பது அச்சாக அக்கா மடிப்பதுபோலவே இருந்தது. இரு என்று சொல்ல வேண்டும். தையல் தெரியாவிட்டால் என்ன, நான் உன் அம்மா என்று சொல்ல வேண்டும். ஆனால் எதற்காக இருக்கச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் காட்ட அவளிடம் என்ன இருக்கிறது? “சரிம்மா” என்றாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்த மகளுக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த இடது கை வைக்கிறதைச் சொல்லிக் குடேன். அதைக் கத்துக்கிட்டுப் போறேன்.”

பழைய சட்டை ஒன்றை எடுத்து அதன் இடது கையைப் பிரித்தார்கள். மகளை மிஷின்முன் உட்கார வைத்து, பின்னால் நின்று, அவள் விரல்களின்மேல் தன் விரல்களை வைத்து, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எந்த வளைவில் மூச்சை அடக்க வேண்டும் என்று காட்டினாள். பதின்மூன்று வருஷத்தில் தெரிந்துகொண்டதில் எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். மகள் கெட்டிக்காரி. முதல் தடவை கோணியது, இரண்டாம் தடவை கொஞ்சம் சுருங்கியது, மூன்றாம் தடவை அப்படியே உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. லீவு முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.